மானிப்பாய் மருத்துவர் கிரீன்

கம்பம் பள்ளத்தாக்கில் பென்னிகுக்கின் பெயரை அறியாதார் இலர். 1895-இல் பெரியாற்றின் நீரை மேற்கிலிருந்து கிழக்கே திருப்பிய அப்பொறியாளரின் படம் உழவர் இல்லங்களில் தெய்வப் படங்களுக்கு அருகே தொங்குகிறது. பிள்ளைகளுக்கு அவர் பெயரை இடும் வழக்கமும் உண்டு. 2013-இல் லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபமும் எழுந்தது. நீர் கொணர்ந்த அயலாரை இவ்வளவு பரிவோடு நினைவில் வைத்திருக்கும் இம்மண்ணில், தமிழுக்கு மருத்துவ நூல் கொணர்ந்த மற்றோர் அயலாரை அறிந்தோர் மிகச் சிலரே. அவர் வாழ்ந்தது கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்து மானிப்பாயில். எனினும் அவர் உழைத்தது தமிழ் பேசும் எல்லா ஊர்க்கும் பொதுவான ஒன்றற்கே. மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன் என்பது அவர் பெயர்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து உஸ்டர் நகரில், கிரீன்ஹில் என்னும் குடும்பப் பண்ணையில், 1822 அக்டோபர் 10 அன்று பிறந்தார். உடன்பிறந்தார் பதின்மர். அவர்களுள் ஒருவர் ஆண்ட்ரு ஹாஸ்வெல் கிரீன். நியூயார்க் நகரின் நடுவே சென்ட்ரல் பார்க் என்னும் பெரும்பூங்கா அமைந்ததிலும், 1898-இல் சுற்றுப்பகுதிகள் இணைந்து இன்றைய பெருநகரம் உருவானதிலும் முதற்பங்கு அவருடையது. ஒரு வயிற்றில் பிறந்த இருவருள் ஒருவர் உலகின் பெருநகரை ஆக்க, மற்றவர் பனையும் புகையிலையும் செழித்த ஒரு சிற்றூரில் தம் வாழ்நாளைக் கழித்தார். சாமுவேல் நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845-இல் பட்டம் பெற்றார். இளம் மருத்துவர் ஒருவர் பொருளும் பெயரும் ஈட்டுவதற்கு அந்நகரைவிட ஏற்ற இடம் அந்நாளில் அரிது. அதை விடுத்து அமெரிக்க மிஷனில் சேர்ந்து கப்பலேறினார். 1847 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கியபோது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து.

யாழ்ப்பாணத்தார்க்கு அமெரிக்க மருத்துவர் புதியவர் அல்லர். ஜான் ஸ்கடர் 1819-இல் அங்கு வந்து, 1836-இல் சென்னைக்குச் சென்றவர். (வேலூர் மருத்துவமனையைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் இவருடைய பேர்த்தியே.) அவருக்குப் பின் நேதன் வார்டு வட்டுக்கோட்டையில் பணிபுரிந்தார். வார்டு விட்ட பணியைத் தொட்டவர் கிரீன். முதலில் வட்டுக்கோட்டையிலும், 1848 முதல் மானிப்பாயிலும் இருந்தார். மானிப்பாயின் மருந்தகமே பின்னர் அவருடைய உலகம் ஆயிற்று.

அம்மருந்தகத்தின் நாட்கள் எளியவை அல்ல. கண்ணோய், புண், கட்டி, முறிவு, பாம்புக்கடி, பனையிலிருந்து வீழ்ந்தோர், பிள்ளைப்பேற்றில் துன்புற்றோர் என வருவோர்க்குக் குறைவில்லை. இவற்றுக்கு மேலாக அவ்வப்போது வாந்திபேதி ஊரையே வாரிக்கொண்டு போகும். யாழ்ப்பாணத்தார் இன்றும் வசைமொழியாக வழங்கும் கொதாரி என்னும் சொல்லில் அக்காலத்து அச்சம் உறைந்து கிடக்கிறது. ஐம்பதுகளிலும் மீண்டும் அறுபதுகளின் நடுவிலும் அந்நோய் பரவியபோது, குடிநீரைப் பேணுவது எவ்வாறு, நோயாளியைக் கவனிப்பது எவ்வாறு என்பவற்றை எளிய தமிழில் சிறு வெளியீடுகளாக அச்சிட்டு ஊர்தோறும் வழங்கினார். 1850-இல் யாழ்நகரில் அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் மருத்துவமனை ஒன்று எழுந்தபோது கிரீனும் அவர்தம் மாணவரும் அதற்குத் துணைநின்றனர்.

தனி ஒருவரின் கைகளால் ஆகும் காரியம் அன்று இது என்பதைக் கிரீன் வந்த ஆண்டிலேயே உணர்ந்துகொண்டார். ஆகவே 1848-இல் மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். தீவில் அரசாங்கத்தின் மருத்துவப் பள்ளி கொழும்பில் தோன்றியது 1870-இல்தான் என்பதை நோக்க, மானிப்பாய் எவ்வளவு முந்தியது என்பது விளங்கும். வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலம் கற்றுத் தேர்ந்த இளைஞரே முதல் மாணவர். பாடநூல் ஆங்கிலம், கற்பித்தலும் ஆங்கிலம்.

கற்றோர் சென்ற வழி

கிரீனின் வாழ்வில் நிகழ்ந்த பெருந்திருப்பத்தை விளங்கிக்கொள்ள, அம்மாணவர் தேர்ச்சிக்குப்பின் யாது செய்தனர் என்பதைக் காணல் வேண்டும். இலங்கை மலைநாட்டில் அப்போது காப்பித் தோட்டங்கள் பெருகிக்கொண்டிருந்தன. அரசாங்க மருந்தகங்களும் ஆங்காங்கே தோன்றின. ஆங்கிலம் அறிந்து, மருந்தும் அறிந்த இளைஞர்க்கு அவ்விடங்களில் திங்கள்தோறும் சம்பளம் காத்திருந்தது. யாழ்ப்பாணத்துக் கிராமத்திலோ மருத்துவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் நன்றியும், விளைச்சல் காலத்தில் சிறிது நெல்லும்தான். கற்றவர் எவ்வழி செல்வர் என்பதற்கு ஆருடம் வேண்டுவதில்லை. கிராமத்துக்கென ஆக்கிய மருத்துவர் பலர் கிராமத்தை நீங்கினர்.

இக்குறை மருத்துவ வகுப்பின் குறை மட்டும் அன்று. செமினரியே இக்காரணத்தால் 1855-இல் மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி மிஷனுக்கு ஊழியரைத் தருவதைவிட அரசாங்கத்துக்கு எழுத்தரைத் தருவதிலேயே முனைந்து நிற்கிறது எனத் தலைமையிடத்தார் கருதினர். அம்முடிவை யாழ்ப்பாணத்தார் பலர் விரும்பவில்லை. சி. வை. தாமோதரம் பிள்ளையைத் தந்த நிறுவனம் அது என்பதை எண்ணும்போது, அவர்கள் வருந்தியதில் வியப்பில்லை.

கிரீன் தம் மாணவரைக் கடிந்துகொள்வதில் காலம் போக்கவில்லை. ஆங்கிலத்தில் கற்பிக்கும்வரை மாணவர் ஆங்கிலம் வழங்கும் இடத்தையே நாடுவர். தமிழில் கற்பித்தால் தமிழ் வழங்கும் இடத்தில் நிற்பர் என்பது அவர் கண்ட முடிவு. முடிவு எளிது. ஆனால் தமிழில் கற்பிக்க நூல் ஒன்றும் இல்லை. ஐம்பதுகளிலேயே கட்டர் என்பாரின் உடற்கூறும் உடல்நலமும் பற்றிய நூலையும், மான்செல் என்பாரின் நூலைத் தழுவிய பிரசவ வைத்தியத்தையும் தமிழாக்கி வெளியிட்டதே இவ்வழியின் தொடக்கம்.

உடல் தளர்ந்த காலம்

இந்நிலையில் மருத்துவரே நோயாளியானார். பத்தாண்டு ஓய்வறியா உழைப்பு, வெப்பம், நோயாளரிடையே ஓயாத அலைச்சல், இரவில் மொழிபெயர்ப்பு என எல்லாம் சேர்ந்து உடலைத் தளரச் செய்தன. பிறர்க்கு ஓய்வு விதிக்கும் மருத்துவர் தமக்கு அதனை விதித்துக்கொள்வது அரிது. கிரீனும் அதற்கு விலக்கல்லர்.

மதுரையில் அமெரிக்க மிஷனார் பலர் அடுத்தடுத்து நோயுற்று மாண்டபின், எஞ்சியோர் 1845-இல் பழனி மலைமேல் இரண்டு வீடுகள் கட்டிக்கொண்டனர். கோடைக்கானல் ஊர் பிறந்த கதை அதுவே. பெரியகுளத்திலிருந்து மலைப்பாதையில் நடந்தும் டோலியில் சுமக்கப்பட்டும் அவர்கள் ஏறிய அம்மலையை ஜெயமங்கலத்து வயல்வெளியில் நின்று வடக்கே நோக்குவோர் நாள்தோறும் காண்கின்றனர். யாழ்ப்பாணத்தில் அத்தகைய மலை இல்லை. ஊர் முழுதும் தட்டையான நிலம். ஓய்வுக்குக் கடலைக் கடந்தே செல்லவேண்டியிருந்தது. 1857-இல் பணியை விட்டுக் கிரீன் தாயகம் திரும்பினார்.

அங்கே அவர் தங்கியது நான்காண்டுக்குமேல். அவ்வளவு நீண்ட ஓய்வுக்குப்பின் திரும்பி வருவோர் குறைவு. உஸ்டரிலேயே தொழில் நடத்தியிருந்தால் குறை சொல்வார் ஒருவரும் இரார். 1862-இல் மார்கரெட் வில்லியம்ஸ் என்னும் அம்மையாரை மணந்தார். அமெரிக்கா உள்நாட்டுப் போரில் எரிந்துகொண்டிருந்த அவ்வாண்டிலேயே இருவரும் மானிப்பாய்க்குப் புறப்பட்டனர். கிரீனின் வாழ்க்கை வரலாற்றில் முதல் வருகையைக் காட்டிலும் இரண்டாம் வருகையே பெரிது எனல் தகும். முதன்முறை வந்தபோது அவர் இடர்களை அறியாத இளைஞர். இரண்டாம் முறை நாற்பதை எட்டியவர். தம் உடல் தாங்கும் அளவையும் அறிந்தவர்.

தமிழ் வகுப்பு

1864-இல் தமிழ்வழி மருத்துவ வகுப்பு தொடங்கியது. எல்லாரும் இதனை வரவேற்றனர் என எழுதுவது உண்மையாகாது. ஆங்கிலம் இன்றேல் அரசாங்க வேலை இல்லை. வேலை இல்லையேல் இத்தனை ஆண்டு கற்பதன் பயன் யாது என மாணவரும் பெற்றோரும் கேட்டனர். கேள்வி நேர்மையானதே. கிரீனுக்கு மிஷன் படியளந்தது. உடல் தளர்ந்தால் திரும்பிச் செல்லக் கிரீன்ஹில் இருந்தது. தமிழில் கற்கும் மாணவனுக்கோ அவன் கிராமத்தையன்றிப் போக்கிடம் இல்லை. அவனை ஊரில் நிறுத்துவதற்கென்றே அவனுடைய வாய்ப்பின் ஒரு கதவை ஆசிரியர் மூடினார் என்று சொல்வோர்க்கு எளிதில் மறுமொழி கூற இயலாது. கிரீனைப் புகழ்ந்து எழுதுவோர் பலரும் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர்.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. மருத்துவன் பேசும் மொழி நோயாளிக்கு விளங்காத இடத்தில், நோயைப் பற்றிய அறிவு மருத்துவனின் தனியுடைமை ஆகிவிடுகிறது. கிரீன் ஆக்க விரும்பிய மருத்துவன், தான் கற்றதைத் தன் தாய்க்கும் அண்டை வீட்டாருக்கும் அவர்தம் மொழியில் எடுத்துரைக்க வல்லவன். அத்தகையோர் உருவாயினர் என்பதற்கு அவர் பயிற்றிய மாணவரே சான்று. இரு காலங்களிலுமாக அவரிடம் தேர்ந்தோர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழில் கற்றோர். டான்போர்த், சாப்மன், பால் எனப் பெயர் தாங்கிய முதன்மை மாணவர் யாவரும் யாழ்ப்பாணத்துத் தமிழரே. மிஷனுக்குப் பொருளுதவிய அமெரிக்கரின் பெயரைப் பிள்ளைகட்கு இடும் அக்கால வழக்கத்தால் அவ்வாறு அழைக்கப்பட்டனர். தமிழர் தம் பெயரையும் உடையையும் இழந்து ஐரோப்பியர்போல் ஆவதைக் கிரீன் விரும்பவில்லை என்பதை இங்கே நினைத்தல் பொருத்தம். சமயத்தைப் பரப்ப வந்தவர்தாம் அவர்; அதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. அவர் பிறந்த 1822-ஆம் ஆண்டிலேயே பிறந்து, அதே யாழ்ப்பாணத்தில் மிஷனாரை எதிர்த்துச் சைவம் காத்தவர் ஆறுமுக நாவலர். நிலைகள் எதிரெதிராயினும், தமிழ் உரைநடையைப் புதுப்பணிக்கு ஆளாக்கியதில் இருவரும் ஒரே காலத்தின் மக்கள்.

சொல்லாக்கம்

இனிக் கவிஞர் பெருமக்கள் ஆர்வத்தோடு நோக்கத்தக்க பகுதிக்கு வருவோம். மொழிபெயர்ப்பைக் கிரீன் தனியே செய்யவில்லை. மாணவர் முதல் வரைவை ஆக்குவர். அதனை ஆங்கில மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்துவது கிரீனின் வேலை. கலைச்சொல்லுக்கு அவர் வகுத்துக்கொண்ட ஒழுங்கு தெளிவானது. முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடவேண்டும். நாட்டு வைத்தியரின் ஏட்டிலும் வழக்கிலும் உள்ள சொல்லே முதலுரிமை உடையது. அங்கே கிடைக்காதபோது வடமொழியை நாடலாம். அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசைய எழுதிக்கொள்ளலாம். சொற்கள் நூலுக்கு நூல் மாறாதிருக்கத் துறைதோறும் அருஞ்சொல் தொகுதிகளையும் அச்சிட்டார்.

இவ்வொழுங்கின் விளைவை நூற்பெயர்களிலேயே காணலாம். உடற்கூற்றியலுக்கு அங்காதிபாதம், உடலின் இயக்கத்தைக் கூறும் துறைக்குச் சுகரணம், அறுவை மருத்துவத்துக்கு இரணவைத்தியம், வேதியியலுக்குக் கெமிஸ்தம் எனப் பெயரிட்டார். அங்காதிபாதம் என்னும் சொல் கேசாதிபாதம் பாடிய புலவர் மரபை அறிந்த செவிக்கு எவ்வளவு பழகிய ஒலியாய்ப் படுகிறது! தலைவியையும் தெய்வத்தையும் உறுப்பு உறுப்பாகப் பாடிப் பழகிய மொழி, அதே ஓசையோடு எலும்பையும் தசையையும் நரம்பையும் எண்ணத் தொடங்குகிறது. கெமிஸ்தம் இதற்கு நேர்மாறு. ஆங்கிலச் சொல்லைப் பிடித்துவந்து, அதற்கு ஒரு தமிழ் வாலை ஒட்டி, இனி நீ இவ்வூர்க்காரன் என்று உட்காரவைத்த முயற்சி அது. இன்று அச்சொல் நகைப்பை வருவிக்கலாம். எனினும் சொல் கிடைக்கவில்லை என்று நூலை நிறுத்திவைக்காத துணிவு அதனுள் இருக்கிறது.

நடையில் வடமொழி மிகுதி என்னும் குறை உண்மையே. மனுஷ என்றும் பதார்த்தம் என்றும் வருவன இக்காலத்தார்க்கு உறுத்தலாம். மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியது 1916-இல். கிரீன் எழுதிய நாளில் அடிகள் பிறந்திருக்கவும் இல்லை. அல்லது சிறு பிள்ளை. வைத்திய ஏடுகளின் மொழியே அப்போது அவ்வாறு இருந்தது. கிரீன் அதன்வழி நின்றார்.

நூல்களின் வரிசை வருமாறு அமைந்தது. துருவிட்டு என்பாரின் அறுவை மருத்துவ நூல் இரணவைத்தியமாக 1867-இல் வெளிவந்தது. 1872-இல் இரண்டு பெருநூல்கள் வந்தன. கிரேயின் உடற்கூற்று நூல் மனுஷ அங்காதிபாதமாகவும், ஹூப்பரின் மருத்துவ நூல் வைத்தியாகரமாகவும் ஆயின. முன்னதே எண்ணூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. கிரே அந்நூலை இலண்டனில் வெளியிட்டது 1858-இல். பதினான்கு ஆண்டுக்குள் அது தமிழில் கிடைத்தது. நாடு விடுதலையுற்ற பின், 2022-இல், மத்தியப் பிரதேசத்தில் முதலாண்டு மருத்துவப் பாடநூல்கள் இந்தியில் வெளியிடப்பட்டபோது அது நாடெங்கும் புதுமையாகப் பேசப்பட்டது. அன்றைக்குச் சரியாக நூற்றைம்பது ஆண்டுக்கு முன் வெளிவந்தது மனுஷ அங்காதிபாதம். க. விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் பிணவறுவைக் கூடத்தில் நிற்கும் மாணவர்க்கு அப்படியொரு தமிழ்நூல் இருந்தது என்பதைச் சொல்வாரும் இலர். ஈழத்துக் கவிஞர் அம்பி கிரீனின் பணியை ஆராய்ந்து நூல் எழுதியிராவிடில், தமிழறிஞர் பலரும் இதனை மறந்தே போயிருப்பர். மருத்துவர் ஒருவரைத் தமிழுலகுக்கு மீட்டுத் தந்தவர் கவிஞர் என்பது இவ்வட்டத்தார்க்குப் பெருமைக்குரிய செய்தி.

கிரீன்ஹில்

1873-இல் மீண்டும் உடல் நலிந்தது. இம்முறை குடும்பத்தோடு தாயகம் சென்றவர் திரும்பி வர இயலவில்லை. ஆனால் வேலை நிற்கவில்லை. கெமிஸ்தம் அச்சேறியது 1875-இல். அதில் அவருடன் உழைத்த மாணவர் சுவாமிநாதன். டால்டனின் நூல் மனுஷ சுகரணமாக 1883-இல் முற்றுப்பெற்றது. கைப்படிகளும் அச்சுத்தாள்களும் கப்பலில் கிரீன்ஹில்லுக்குச் செல்லும். பனி பெய்யும் ஊரில் தமிழ் எழுத்தைப் பார்வையிட்டுப் பிழை திருத்தி அவர் மீண்டும் அனுப்புவார். ஒரு தாள் போய்த் திரும்புவதற்குள் பல திங்கள் கழியும். சுற்றிலும் தமிழ் பேச ஓர் ஆள் இல்லாத ஊரில் பதினோர் ஆண்டுகள் தமிழில் உழைத்தவர் என்னும் சிறப்பு அவரைத் தவிர வேறெவர்க்கேனும் உண்டோ என்பது ஐயமே. மொத்தத்தில் அவரும் மாணவரும் தமிழில் தந்த மருத்துவப் பக்கங்கள் நாலாயிரத்தைத் தாண்டும்.

மானிப்பாயில் அவர் விட்டுச்சென்ற வகுப்போ நெடுங்காலம் நிலைக்கவில்லை. கொழும்பில் ஆங்கிலவழி மருத்துவப் பள்ளி வளர்ந்தது. பட்டமும் பதவியும் அங்கே இருந்தன. தமிழ்வழி கற்றோரின் வழிமரபு அவர்களோடு தேய்ந்தது. அன்று பெற்றோர் எழுப்பிய கேள்விக்கு அரசாங்கம் விடையளிக்க முன்வந்திருந்தால், அதாவது தமிழில் தேர்ந்தோர்க்கும் நிலையான பணியிடம் தந்திருந்தால், கதை வேறாகியிருக்கும். ஒரு தனிமனிதர் நூலை ஆக்கலாம், மாணவரை ஆக்கலாம், சம்பளப் பட்டியலை ஆக்க அவரால் இயலாது. மருந்தகம் மட்டும் வளர்ந்து, கிரீன் நினைவு மருத்துவமனை என அவர் பெயரைத் தாங்கி மானிப்பாயில் நிற்கிறது.

வாரிங் தொகுத்த இந்திய மருந்துநூலின் தமிழாக்கமாகிய இந்து பதார்த்த சாரம் 1884-இல் வெளிவந்தது. அவ்வாண்டு மே 28 அன்று கிரீன் பிறந்த வீட்டிலேயே கண்மூடினார். வயது அறுபத்தொன்று. தம் கல்லறைக் கல்லில் பெயர், ஆண்டு இவற்றோடு, தமிழர்க்கு மருத்துவ ஊழியராய் இருந்தவர் என்பது விளங்கும் தொடர் ஒன்றும் பொறிக்கப்படவேண்டும் என அவர் முன்னரே கேட்டுக்கொண்டிருந்தார். தமிழ் எழுத்து ஒன்றையும் படிக்க அறியாத உஸ்டர் நகரத்தார் அவ்வாறே பொறித்தனர்.